கன்னியக்கோவில் வந்ததும் கை போனுக்குப் போகிறது

கேள்வி:

எனக்கு 26 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். ராத்திரி பஸ் கன்னியக்கோவில் தாண்டியதும் அப்பாவுக்கு போன் செய்வேன். "சரி பாப்பா, கிளம்புறேன்" என்பார். நான் இறங்கும்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பார்.

பத்து மாதத்துக்கு முன், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நான் திணறிக்கொண்டிருந்தபோது, மதியம் 2.10க்கு அப்பா கூப்பிட்டார். கட் செய்துவிட்டேன். 3 மணிக்கு சித்தப்பா கூப்பிட்டு, "உடனே கிளம்பி வா" என்றார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

அந்த மிஸ்டு காலை இன்னும் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். நான் அழுதால் அப்பாவின் ஆத்மா சாந்தியடையாது என்கிறார் அம்மா. அதனால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். பிளஸ் டூ முடித்த தம்பி வாயே திறப்பதில்லை. ஸ்கூட்டர் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது. தூக்கமில்லை. சில ராத்திரி அப்பாவிடமே போய்விடலாம் போலிருக்கிறது. ஆலோசகரைப் பார்க்கலாம் என்றால், "வரன் பார்க்கிற நேரத்தில் பைத்தியம் என்பார்கள்" என்று அத்தை தடுக்கிறார்.

- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்:

"அப்பாவிடமே போய்விடலாம்" என்பதை முதலில் பேசிவிடுவோம். அது அவரைப் பார்க்கத் துடிக்கும் ஏக்கமாக இருக்கலாம், உயிரை விடும் எண்ணமாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எப்படிச் சாவது என்று யோசித்ததுண்டா? உண்டென்றால் இன்று ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். சித்தப்பாவிடம் சொல்லுங்கள். 14416க்குப் பேசுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இனி அந்த 2.10. அப்பா வலி என்று சொல்லக் கூப்பிட்டாரா, வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்லவா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியப்போவதில்லை. எடுத்திருந்தாலும் நீங்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பில் கவுன்ட்டரில் இருந்தீர்கள். இதைப் பலர் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் மனம் ஆறியிருக்காது. என் அனுபவத்தில் "என்னால்தான்" என்ற எண்ணத்தை மனம் சுலபத்தில் விடுவதில்லை. யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஒப்புக்கொள்வது அதைவிடக் கடினம். இன்னொன்றும் கேட்கிறேன். கூட்ட நேரத்தில் மகள் போனை எடுக்காவிட்டால் அப்பா கோபிப்பாரா, "அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவாரா? இந்தப் பதிலை அவர் குரலிலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆலோசனை அறையிலும் நாங்கள் இப்படி எழுதச் சொல்வதுண்டு.

பத்து மாதத்தில் அழுகை நிற்காதது தவறில்லை. நம் வழக்கமே தலைத் திவசம் வரை ஒரு வருடத்தைத் துக்கத்துக்கு ஒதுக்குகிறதே! ஆனால் ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் குறையாமல், ஊர் வழக்கத்தையும் மீறி அன்றாட வாழ்க்கையை முடக்கினால், உலக சுகாதார நிறுவனம் அதை நீடித்த துயரக் கோளாறு என்று வகைப்படுத்துகிறது. உங்களுக்கு அதுதானா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். தூக்கமின்மையும் அந்த எண்ணமும் சேர்ந்திருப்பதால், தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள். புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் காட்டலாம்.

அத்தையின் பயம் நம் ஊரில் நிஜமான பயம்தான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். வரன் வீட்டார் கேட்டாலும் மருத்துவமனை சொல்லக்கூடாது. முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான்: அப்பாவைப் பற்றி, தூக்கம், சாப்பாடு பற்றி. அழுதால் யாரும் குழாயைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவோடு வாதாட வேண்டாம். அவரும் எங்கோ ஒளிந்துதான் அழுகிறார் என்று நினைக்கிறேன். ஆடியில் திதி வருகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவீர்களோ, வீட்டிலேயே கொடுப்பீர்களோ, அன்று கடைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.

அந்த மிஸ்டு காலை அழிக்க வேண்டாம், இருக்கட்டும். கன்னியக்கோவில் வந்ததும் கை போனுக்குப் போகும்போது தம்பியைக் கூப்பிட்டு, "தாண்டிட்டேன்டா" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் சில நாள் "ம்" என்பான். பரவாயில்லை, கூப்பிடுங்கள். சாக்கை எப்போது எடுப்பது என்று அவனே முடிவு செய்யட்டும்.