மார்மன்கள் மேற்கே போனது மத சுதந்திரத்துக்காகவா, பல மனைவிகளுக்காகவா?

கேள்வியின் பின்பாதியை எழுதும்போது சிரித்திருப்பீர்கள். அந்த மார்மன்கள் போய்ச் சேர்ந்த அமெரிக்க மாநிலமான யூட்டாவில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் என் மைத்துனரும் இதையேதான் கேட்கிறார், அதே சிரிப்போடு. மார்மன்கள் என்பது ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்கள். நான் அந்தச் சபைக்காரன் அல்லன். காபியைத் தொடாத அந்த மக்கள் நடுவே தினமும் மூன்று டம்ளர் காபி குடிக்கிறவன்.

மிசௌரி ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்தில் ஆணையிட்டது 1838-இல். பலதார மணத்தை அவர்கள் பகிரங்கமாக அறிவித்தது 1852-இல். அதற்கு முன்பே இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் அது ரகசியமாக நடந்ததும் உண்மை. அதை அம்பலப்படுத்திய பத்திரிகையின் அச்சகத்தை மார்மன்களே உடைத்தார்கள். அதைத் தொடர்ந்து சிறைக்குப் போன ஜோசப் ஸ்மித்தை 1844-இல் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. ஸ்மித்துக்குப் பின் தலைமையேற்ற பிரிகாம் யங் 1847-இல் கூட்டிவந்த, இன்று யூட்டாவில் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கு அன்று மெக்சிகோவுக்குச் சொந்தம். நாட்டைவிட்டே போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் ரோஷம் வந்ததற்குக் காரணம் ஒரு கைவண்டி. அந்தப் பயணத்தின் நினைவாக இங்கே பிள்ளைகளை அந்தக் காலத்து உடையில் கைவண்டி இழுக்க வைத்து மூன்று நாள் நடத்துவார்கள். மகளின் தோழி அழைத்தாள். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமென்று நானும் போனேன். புறப்படும் முன் ஆளுக்கு 17 பவுண்டு என்று மூட்டையை நிறுத்தார்கள். 1856-இல் மாடு வாங்க வசதியில்லாமல் கைவண்டியோடு வந்தவர்களுக்கு அதுதான் கணக்கு, படுக்கையும் சேர்த்து. தாமதமாகக் கிளம்பிய மார்ட்டின் குழுவில், வண்டி நகரவில்லையென்று அக்டோபர் 17 அன்று அதையும் 10 பவுண்டாகக் குறைத்து, கம்பளிகளை விட்டுவிட்டார்கள். 19-ஆம் தேதி பனி கொட்டியது. அந்தக் குழுவிலும் முன்னால் போன வில்லி குழுவிலுமாக இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இதைக் கேட்ட என் மகள், மூட்டையில் இருந்த போர்வையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மவுன்டன் மெடோஸ் படுகொலையை மறைக்கிறான் என்று யாராவது வருவீர்கள். மறைக்கவில்லை. 1857-இல் கலிபோர்னியா போன சுமார் 120 பயணிகளைக் கொன்றது இதே மார்மன்களின் படைதான்.

17 பவுண்டு என்றால் ஏழே முக்கால் கிலோ. போன வருடம் சென்னை விமான நிலையத்தில் என் கைப்பை அதே எடைதான் காட்டியது. ஏழுதான் அனுமதி என்று அம்மா சுட்ட அதிரசத்தை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்றவர் ஒன்பது கிலோவோடு உள்ளே போனார்.