பூச்சிக் கருவில் கண்டங்கள் உருவாவது எப்படி? கேள்வி பதில்

பூச்சியின் கரு கண்டங்களாக, அதாவது உடலின் அடுத்தடுத்த துண்டுப் பகுதிகளாக, பிரிவதில் மரபணுக்களின் பங்கு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான விடைகள் இவை. மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது பழ ஈ என்பதால், வேறு பூச்சியின் பெயரைச் சொல்லாத இடங்களில் எல்லாம் பழ ஈயையே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: முட்டை ஒரே செல்தானே? தலை எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

அதைத் தீர்மானிப்பவள் தாய். முட்டை தாயின் உடலுக்குள் வளரும்போதே, அதனுடன் இணைந்திருக்கும் 15 செவிலிச் செல்கள் பைகாய்டு என்னும் மரபணுவின் தூது ஆர்என்ஏவை, அதாவது புரதம் தயாரிப்பதற்கான செய்தி நகலை, அதனுள் செலுத்துகின்றன. அது முன்முனையில் நிலைகொள்கிறது. நானோஸ் மரபணுவின் தூது ஆர்என்ஏ பின்முனையில் தங்குகிறது. முட்டை இடப்பட்ட பிறகு உருவாகும் பைகாய்டு புரதம், முன்முனையில் மிகுந்தும் பின்னோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் பரவுகிறது. தாயிடம் இந்த மரபணு பழுதாகியிருந்தால், தந்தையிடமிருந்து நல்ல பிரதி கிடைத்திருந்தாலும், கரு தலையும் மார்பும் இல்லாமலே உருவாகிறது.

கேள்வி: செல் சவ்வுகளைத் தாண்டி ஒரு புரதம் அவ்வளவு தூரம் பரவ முடியுமா?

இந்தக் கட்டத்தில் தாண்டுவதற்குச் சவ்வே இல்லை. முதல் 13 சுற்றுகளில் உட்கருக்கள் மட்டுமே பிரிகின்றன. ஏறத்தாழ 6,000 உட்கருக்கள் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள முட்டையின் மேற்பரப்பை ஒட்டி, ஒரே சைட்டோபிளாசத்தைப் பகிர்ந்துகொண்டு அமைந்த பின்னரே, அதாவது முட்டையிட்டுச் சுமார் 3 மணி நேரம் கழித்தே, அவற்றுக்கிடையே சவ்வுகள் எழுகின்றன.

கேள்வி: சீராகக் குறைந்துகொண்டே போகும் ஒரு புரதத்திலிருந்து, மரபணுக்கள் இயங்கும் கூர்மையான ஏழு பட்டைகள் கருவில் எப்படிக் கிடைக்கின்றன?

இந்தத் துறையில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான். பைகாய்டின் அளவுக்கேற்ப முதலில் இடைவெளி மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. ஹன்ச்பேக், ஜயன்ட், குருப்பெல் முதலியவை அவ்வகை. ஒவ்வொன்றும் கருவின் அகன்ற ஒரு பகுதியில் செயல்பட்டு, அண்டையில் இருப்பதை அடக்குவதால், மங்கலாக இருந்த எல்லைகள் தெளிவடைகின்றன. அடுத்து, ஈவன்-ஸ்கிப்டு போன்ற இணைவிதி மரபணுக்கள் ஏழு பட்டைகளாக வெளிப்படுகின்றன.

‘பட்டை போடு’ என்று ஒரே கட்டளை ஏழையும் உருவாக்குவதாக நினைக்கத் தோன்றும், அது சரியன்று. இரண்டாம் பட்டைக்கென்றே ஈவன்-ஸ்கிப்டு மரபணுவின் அருகில் சுமார் 480 கார இணைகள் நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கிறது. அதில் பைகாய்டும் ஹன்ச்பேக்கும் ஒட்டினால் மரபணு இயங்குகிறது. ஜயன்ட்டோ குருப்பெல்லோ ஒட்டினால் அடங்கிவிடுகிறது. இரண்டாம் பட்டைக்கு முன்னால் ஜயன்ட்டும் பின்னால் குருப்பெல்லும் நிறைந்திருப்பதால், அவை இரண்டும் குறைந்த ஒரு குறுகிய இடைவெளியில், சில உட்கருக்களின் அகலத்துக்கு மட்டும், மரபணு இயங்குகிறது. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, எளிதில் நிறம் காட்டும் வேறொரு மரபணுவுடன் இணைத்துக் கருவில் செலுத்தினால், அதே இடத்தில் ஒற்றைப் பட்டை மட்டும் தோன்றுகிறது. மற்றப் பட்டைகளுக்கும் இப்படித் தனித்தனித் துண்டுகள் உள்ளன. சில துண்டுகள் இரண்டிரண்டு பட்டைகளை ஏற்கின்றன.

கேள்வி: இத்தனை மரபணுக்களையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஈக்களில் வேதிப்பொருளால் சடுதிமாற்றங்களை உண்டாக்கி, முட்டையிலேயே இறந்த கருக்களின் மேற்தோலை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இயல்பான புழுவின் அடிப்புறத்தில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக, மார்பில் மூன்று மெல்லிய பட்டைகளாகவும் வயிற்றில் எட்டு அகன்ற பட்டைகளாகவும் தெரியும். அவற்றில் எது குறைகிறது என்று பார்ப்பதே முறை. தொடர்ச்சியாகச் சில கண்டங்கள் காணாமற்போனால் இடைவெளி வகை. ஒன்றுவிட்டு ஒன்று குறைந்தால் இணைவிதி வகை. ஒவ்வொரு கண்டத்திலும் ஒரே பகுதி அழிந்து, எஞ்சிய பகுதியின் கண்ணாடிப் பிம்பம் அங்கே அமைந்தால் கண்ட முனைவு வகை. 1980இல் முடிவுகள் வெளியாயின. 1995இல் எட்வர்ட் லூயிஸுடன் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: ஃபூஷி டராசு என்ற மரபணுப் பெயரின் பொருள் என்ன?

அது இணைவிதி வகை மரபணு ஒன்றின் ஜப்பானியப் பெயர். ஃபூஷி என்பது மூங்கிலின் கணுவையும் குறிக்கும் சொல். ஆகவே ‘கணு போதவில்லை’ எனலாம்.

கேள்வி: ஆண்டெனாவின் இடத்தில் கால் முளைத்த ஈயும் இதே மரபணுக்களால் வருவதா?

இல்லை. அது ஹாக்ஸ் மரபணுக்களின் வேலை. இங்கே பேசப்படுபவை உடலைக் கண்டங்களாகப் பிரிக்கின்றன. ஹாக்ஸ் மரபணுக்கள் எந்தக் கண்டம் என்னவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கேள்வி: எல்லாப் பூச்சிகளும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றனவா?

இல்லை, ஈயின் வழி பின்னாளில் வந்த சிறப்பு வழி. சிவப்பு மாவு வண்டில் பைகாய்டு மரபணுவே கிடையாது. அதன் கருவில் முன்பகுதிக் கண்டங்கள் முதலில் அமைய, பின்முனையிலுள்ள வளர்பகுதியிலிருந்து மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. அங்கே இணைவிதி மரபணுக்கள் கடிகாரம் போல இயங்கி அணைந்து மீண்டும் இயங்குகின்றன என்பது 2012இல் நிறுவப்பட்டது.

கேள்வி: இணைவிதிப் புரதங்கள் விரைவில் மறைந்துவிடும் என்று படித்தேன். பிறகு எல்லைகள் எப்படி நிலைக்கின்றன?

மறைவதற்குள் அவை என்கிரெய்ல்டு, விங்லெஸ் என்னும் கண்ட முனைவு மரபணுக்களை 14 பட்டைகளாக இயக்கிவிடுகின்றன. அதற்குள் சவ்வுகளும் எழுந்துவிடுவதால், செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. என்கிரெய்ல்டு இயங்கும் செல் ஹெட்ஜ்ஹாக் புரதத்தை அனுப்ப, அதைப் பெறும் அடுத்த செல் விங்லெஸ் புரதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். சில மணி நேரத்தில் என்கிரெய்ல்டுக்கு இந்தத் துணையும் தேவையற்றுப் போகிறது. சிறகு உருவாகும்போது அதன் பின்பாதியில் மட்டும் என்கிரெய்ல்டு தொடர்ந்து இயங்குவதும், முன்பாதிச் செல்களும் பின்பாதிச் செல்களும் கலவாதிருப்பதும், அன்று கருவில் விழுந்த அதே எல்லையின் தொடர்ச்சிதான்.