கேள்வி – பதில்: மெல்லிய லப்டொப்பை இப்பவே வாங்கலாமா?

கேள்வி: மகள் கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் படிக்கிறா. விசிறி இல்லாத புதிய மெல்லிய லப்டொப்பை முதல் விமர்சனங்கள் புகழுது. வாங்கலாமோ? – வாசகர், சுன்னாகம்

பதில்: கொஞ்சம் பொறுங்கோ. முதல் விமர்சனங்கள் பெரும்பாலும் சில நாள் பாவனையில் எழுதப்படுபவை. சூடும் பற்றரியும் மாதக்கணக்கில்தான் குணம் காட்டும். விசிறி இல்லாவிட்டால், சூடு ஏறினதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும். விசிறி இல்லாத மெக்புக் எயார் லப்டொப்புக்கு அப்பிள் சொல்லும் சூழல் வெப்பநிலையே 10 முதல் 35 பாகை வரைதான். எங்கட சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை அறை அதைத் தாண்டக்கூடும்.

கடையில், சிப்பின் வேகத்தை அளந்து புள்ளி போடும் சினிபெஞ்ச் சோதனையைத் தொடர்ந்து 30 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கோ. முதல் புள்ளியைவிடக் கடைசிப் புள்ளி கால்வாசிக்கு மேல் விழுந்தால், அது கட்டுரை எழுதத்தான் உதவும். சொலிட்வேர்க்ஸ் என்ற பொறியியல் வரைபட மென்பொருள் தேவையெண்டால் விண்டோஸும் விசிறியும் உள்ளதையே எடுங்கோ.

இப்படியான மெல்லிய லப்டொப்புகளில் றாம் (தற்காலிக நினைவகம்) பெரும்பாலும் தாய்ப்பலகையோடு ஒட்டியே வரும், பிறகு கூட்டேலாது. 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். உத்தரவாதம் இலங்கையில் செல்லுமோ என்று எழுத்தில் வாங்குங்கோ. சார்ஜ் எல்லையை 80 வீதத்தில் வையுங்கோ. எந்நேரமும் 100இல், சூட்டில் கிடந்தால் பற்றரி வீங்கலாம். வீங்கினால் டச்பாட் ஒரு பக்கம் மேலெழும்பி, அழுத்தினால் ‘கிளிக்’ வராமல் போகலாம். அப்படிக் கண்டால் லப்டொப்பைப் பாவிக்கிறதை உடனே நிற்பாட்டுங்கோ.