கண்ணாடிக் கதவின் கீல் எங்கே இருக்கிறது?

கேள்வி: எங்கள் மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு முன்பெல்லாம் மெதுவாக மூடும், இப்போது கையை விட்டதும் படாரென்று அடித்துக்கொள்கிறது. கதவின் அடியில், தரையிலுள்ள தகட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தெரிகிறது. எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: சரியாகாது. அந்தத் தகட்டின் கீழே, தரைக்குள் பதித்திருக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங் என்ற பெட்டிதான் உங்கள் கதவுக்குக் கீல். பழைய வீடுகளின் மரக்கதவுகள் மேலும் கீழுமுள்ள குடுமிகளில் சுழன்றதைப் போலவே, இக்கதவும் கீழே அப்பெட்டியின் அச்சிலும் மேலே ஒரு சிறு முளையிலும் சுழல்கிறது. கதவைத் தள்ளும்போது பெட்டிக்குள் வலுவான சுருள்வில் அழுந்துகிறது. கையை விட்டதும் அது விரிந்து கதவைத் திருப்புகிறது. அப்போது பெட்டிக்குள் முன்னும் பின்னும் நகரும் பிஸ்டன் என்ற அடைப்புக்கு முன்னால் அகப்பட்ட எண்ணெய் ஒரு நுண்ணிய துளை வழியாகத்தான் வெளியேற முடியும் என்பதால், கதவு நிதானமாக வந்து சேர்கிறது. ஆகவே அந்த எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்கானதன்று; அதுதான் கதவின் பிரேக்.

கசிவில்லாமல் வேகம் மட்டும் கூடியிருந்தால், தகட்டைக் கழற்றி, அத்துளையைக் குறுக்கும் திருகாணியை வலப்புறமாகச் சிறிதளவு திருப்பினாலே போதும். கசிந்த பிறகு அதனால் பயனில்லை. எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று பொருள், பெட்டியையே மாற்ற வேண்டும். வாசலை நாள்தோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறீர்களானால், குழிக்குள் நீர் தேங்கிப் பெட்டி துருப்பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ளது. 3 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள கதவு 58 கிலோவுக்கு மேல் வரும். இத்தகைய கதவுகளுக்குப் பயன்படும் டஃபன்டு எனப்படும் வலுவூட்டிய கண்ணாடி நடுப்பரப்பில் பலத்த அடியையும் தாங்கும், ஆனால் விளிம்பில் படும் கூரிய அடிக்கு அது முழுவதுமாகப் பொடிந்து கொட்டிவிடக்கூடும். மருந்து வாங்க வருபவர்களில் முதியவர்களும் குழந்தையைச் சுமந்து வருபவர்களும் இருப்பார்களே!

புதிய பெட்டியை வாங்கும்போது, அது தாங்கும் எடையும் கதவகலமும் உங்கள் கதவுக்குப் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். கண்ணாடியைக் கவ்வும் உலோகப் பிடிகளுக்குள் ரப்பர் போன்ற மெத்தைத் தாள் இருக்கிறதா என்பதையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். உலோகம் கண்ணாடியை நேரடியாகத் தொடக் கூடாது. அதுவரை கடை நேரத்தில் கதவை முழுவதும் திறந்து, அசையாதபடி கட்டை கொடுத்து நிறுத்தி வையுங்கள்.