அரபிப் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு இருந்தால் சொற்கள் மனதில் நிற்குமா?

கேள்வி: கல்லூரியில் அரபி எடுத்துப் படிப்பவர்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு, ஆடியோ, செயலி எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் சொற்கள் மனதில் நிற்குமா?

ஆடியோ கட்டாயம் வேண்டும். மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சாயங்காலம் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தபோது கையில் இருந்தது தமிழில் உச்சரிப்பு போட்ட ஒரு சொல் பட்டியல்தான். அதில் இதயத்துக்கும் 'கல்ப்', நாய்க்கும் 'கல்ப்'. முதல் 'க' உள்நாக்கில் பிறக்க வேண்டும், இரண்டாவது நம்ம சாதாரண 'க'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். வாய்மொழித் தேர்வில் 'என் இதயம் பெரியது' என்று நான் உருகிச் சொன்னது, 'என் நாய் பெரியது' என்று போய் விழுந்தது. ஐயா சிரித்து முடிக்கும்வரை அடுத்த கேள்வி வரவில்லை.

சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு குரல் இருந்திருந்தால் அந்த மானம் போயிருக்காது. 2018இல் வந்த புதிய பள்ளிப் புத்தகங்களிலேயே க்யூஆர் கோடு பார்த்துப் பழகிய பிள்ளைகள்தான் இப்போது கல்லூரிக்கு வருகிறார்கள், ஸ்கேன் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் போன வருஷம் நான் வாங்கிய ஒரு புத்தகத்தில் பாதிக் கோடுகள் திறக்கவே இல்லை. ஆடியோவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செயலியில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டிப் பொருள் கேட்கும் அட்டைகளில் (ஃபிளாஷ்கார்டு) எனக்கு ஒரு மனக்குறை உண்டு. க-த-ப என்ற மூன்றெழுத்து வேர்: கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம், மக்தூப் எழுதப்பட்டது. ஒரே வீட்டுப் பிள்ளைகள். செயலியோ ஐந்தையும் ஐந்து நாளில், ஐந்து அநாதைகளாகக் காட்டும். ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்த அரபி அகராதியில் மக்தபாவை 'ம'வில் தேடினால் கிடைக்காது, க-த-ப வேரில்தான் இருக்கும். அதனால் குடும்பத்தை முதலில் ஒரே பக்கத்தில் கையால் எழுத வைக்கிறேன், அட்டையெல்லாம் அப்புறம்தான்.

இன்னொன்று, வெளியூரில் செய்த எந்தச் செயலிக்கும் தெரியாதது. வக்கீல், வசூல், பாக்கி, ரத்து, ஆஜர், நகல், வாரிசு எல்லாமே அரபி வழி வந்தவை. தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை அலைந்தவனுக்குக் கால்வாசிப் பாடம் முடிந்த மாதிரி! வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு இன்னும் லாபம், ஆனால் அங்கே ஒரு பள்ளமும் இருக்கிறது. 'கரீப்' உருதுவில் ஏழை, அரபியில் அந்நியன், விநோதமானது. 'ஏழை' என்று பதில் போட்டால் செயலி சிவப்பு காட்டும், ஏன் என்று சொல்லாது.

நல்ல ஆடியோ கிடைக்காவிட்டால், உங்கள் ஆசிரியரையே பாடச் சொற்களை வாசிக்கச் சொல்லி ஃபோனில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எங்கள் பிள்ளைகள் தர்மபுரி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போவது அதைத்தான்.