நாலு மாதக் கனடா – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கனடாவின் எட்மன்டன் நகரத்துக் குளிரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கோவையில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வரும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, எட்மன்டனில் நீங்கள் படித்த அதே ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம்.

பெயர் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கணக்குப் போட்ட பிறகு பேச்சே நின்றுவிட்டது. விமானச் செலவில் பாதியைக் கல்லூரி தரும். அங்கே ஃபீஸ் கிடையாது. அப்படியும் ஆறு லட்சம் வரை ஆகும்போல் இருக்கிறது. "பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது, நாலு மாதத்தில் திரும்பி வரப்போகிறாய். அப்புறம் எதுக்கு ஆறு லட்சம்?" என்று அப்பா கேட்கிறார். பி.எஃப்.பிலிருந்து எடுத்துத் தரத் தயார் என்கிறார், ஆனால் மனசில்லை என்பது தெரிகிறது. மாமா, "போனால் அப்படியே அங்கேயே தங்கிவிடுகிற வழியைப் பார்" என்கிறார். சீனியர்கள், பிளேஸ்மென்ட் நேரத்தில் போகாதே, பின்னால் எம்.எஸ். போய்க்கொள்ளலாம் என்கிறார்கள். பார்ட்-டைம் வேலை பார்த்துப் பாதிப் பணத்தையாவது திருப்பித் தந்துவிடலாம் என்று நான் நினைக்கிறேன். டொரன்டோவில் அப்பாவின் நண்பர் ஒருவர் இருக்கிறார், ஏதாவது என்றால் பார்த்துக்கொள்வார்.

போகலாமா அக்கா? அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: பருப்புப்பொடி கொடுத்து அனுப்பலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அப்பா கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே நல்ல கேள்வி. அதற்குப் போகும் முன்னால் இரண்டு கணக்குகளைத் திருத்திவிடுகிறேன்.

முதலில் அப்பாவின் டொரன்டோ நண்பர். எட்மன்டனிலிருந்து டொரன்டோவுக்கு விமானத்திலேயே நாலு மணி நேரம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவரால் போனில் கஷாயம் சொல்ல முடியும், அவ்வளவுதான். நான் கிளம்பும்போதும் ஊரில் பாதிப் பேர், "கனடாவா, அங்கேதான் நம்ம ஆட்கள் நிறைய இருக்கிறார்களே" என்றார்கள். அந்த நம்ம ஆட்கள் பெரும்பாலும் இருப்பது டொரன்டோவிலும், அதன் ஒரு பகுதியான ஸ்கார்பரோவை ஒட்டியும்.

இரண்டாவது பார்ட்-டைம். எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. ஸ்டடி பெர்மிட் என்கிற படிப்பு அனுமதி வைத்திருந்தாலும் கூடாது. ஆறு மாதத்துக்குள் முடிகிற படிப்புக்கு அந்தப் பெர்மிட்டே கட்டாயமில்லை, விசிட்டர் விசாவில் போய்வரலாம். ஆனால் அப்படிப் போனால் வளாகத்துக்குள்ளும் வேலை பார்க்க முடியாது. பெர்மிட் எடுத்துக்கொண்டு போனாலும் நூலகத்திலோ கேன்டீனிலோ வேலை கிடைப்பதற்குள் மார்ச் வந்துவிடும். அங்கே பட்டம் வாங்காததால் படிப்புக்குப் பிறகு கிடைக்கும் வேலை அனுமதியும் உங்களுக்குக் கிடையாது. மாமாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். விதிகளை அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே படியுங்கள், ஏஜென்ட் வாயிலிருந்து கேட்காதீர்கள். ஆக, கொண்டுபோகும் பணம் போன பணம்தான். பாதியைத் திருப்பித் தருவேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

இப்போது அவருடைய கேள்வி. அந்தப் பி.எஃப். பணம் எதற்கென்று வைத்தது என்று அவரிடமே கேளுங்கள். தம்பி படிப்புக்கென்றால் போக வேண்டாம். நகையை அடகு வைத்தோ நிலத்தின் மேல் கடன் வாங்கியோ போகிற பயணமும் இல்லை இது. உங்கள் கல்யாணத்துக்கென்று வைத்ததென்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நான் போனது 2014 ஜனவரியில். ஹப் மால் என்ற விடுதியில் இடம் கிடைத்தது. நீளமான ஒரு கட்டடம், நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெரு, இரண்டு பக்கமும் மேலே மாணவர் வீடுகள். என் அறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது வானம் இல்லை, கீழே இருக்கும் கடைகள். காலையில் காப்பி வாசனை, மதியம் யாரோ நூடுல்ஸ் வதக்கும் வாசனை. நூலகத்துக்கும் பக்கத்து வகுப்புக் கட்டடங்களுக்கும் மூடிய பாலம் வழியாகவே போய்விடலாம். முதல் வாரத்தில் மூன்று நாள் நான் வெளிக்காற்றே படாமல் இருந்திருக்கிறேன். அந்த மாதத் தொடக்கத்தில் விடிவதே எட்டே முக்காலுக்குத்தான், நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஊருக்கும் அதற்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அம்மா வாசல் தெளித்துவிட்டு போன் பண்ணுவாள், எனக்கு முந்தின நாள் சாயங்காலமாக இருக்கும். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். அதைக் கடைசிவரை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

குளிரைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டேன். மைனஸ் முப்பதில் மூக்குக்குள் இருக்கும் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அது வலிக்காது, சிரிப்புத்தான் வரும். நிறுத்தி வைத்த கார்களின் முன்பக்கத்திலிருந்து பிளக் தொங்கும். பேட்டரி கார் என்று நினைத்தேன். எஞ்சின் உறைந்துபோகாமல் இரவெல்லாம் சூடாக்குகிற ஹீட்டராம். பஸ் ஸ்டாப்பில் நான் நடுங்குவதைப் பார்த்து ஒரு பாட்டி, "பரவாயில்லை கண்ணு, இது ஈரமில்லாத குளிர்தானே" என்றார். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள்.

படிப்புக்கு வருகிறேன். தண்ணீர் சுத்திகரிப்புப் பாடத்தில் முதல் லேப், ஜார் டெஸ்ட். உங்கள் லேபிலும் இருக்கும். ஆறு பீக்கரில் கலங்கல் தண்ணீர், ஒவ்வொன்றிலும் படிகாரத்தின் அளவை மாற்றிப் போட்டு, எதில் சீக்கிரம் தெளிகிறது என்று பார்ப்பது. நான் ஊர் வழக்கப்படி ரிப்போர்ட் எழுதினேன். அதாவது நோக்கம், கருவிகள், கோட்பாடு என்று தலைப்புப் போட்டு, கோட்பாட்டைப் புத்தகத்திலிருந்து இரண்டு பாரா அப்படியே இறக்கிவிட்டேன். ரெக்கார்டு நோட்டு என்றால் அதுதானே நமக்கு? சீனியர் எழுதியதை ஜூனியர் பார்த்து எழுத, அதை இன்னொருத்தி பார்த்து எழுத, தலைமுறை தலைமுறையாக ஒரே எழுத்துப்பிழை இறங்கிவரும். லேபைப் பார்த்துக்கொண்ட ஆராய்ச்சி மாணவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த இரண்டு பாராவைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினாள். "இதை யார் எழுதினது?" அவ்வளவுதான் கேட்டாள். எனக்குக் காது சுட்டது. முறைப்படி மேலே அனுப்பியிருந்தால் விசாரணை வரை போயிருக்கும். முதல் தடவை என்பதால் திரும்ப எழுதச் சொன்னாள். நீங்கள் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மேற்கோள் காட்டாமல் எடுத்த ஒரு வாக்கியம் அங்கே திருட்டு.

திரும்ப எழுதும்போது, கோட்பாட்டுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். எங்கள் ஆச்சி மண்பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசி, குளத்துத் தண்ணீரை ஊற்றி வைப்பாள். விடிந்தால் கலங்கல் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் பளிங்காக இருக்கும். படிகாரம் செய்கிற அதே வேலைதானே இது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர், அந்தக் கொட்டை கிடைக்குமா என்று மெயில் போட்டார். ஆச்சியின் கொட்டைகள் பார்சலில் வர ஐந்து வாரம் ஆனது. மார்ச் கடைசியில் ஏழாவது பீக்கரில் அதை உரைத்துப் போட்டோம். படிகாரம் அளவுக்குத் தெளியவில்லை, ஆனால் தெளிந்தது. ஏன் குறைவு என்று நான் கேட்டதற்கு அவர், "எனக்குத் தெரியாது, வா பார்ப்போம்" என்றார். ஒரு பேராசிரியர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இதை வைத்து அங்கே எல்லாம் உசத்தி, இங்கே எல்லாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. கணக்கில் நான் அவர்களைவிட வேகம். இன்டெக்ரேஷனைக் கையால் போடத் தெரிந்தவள் என்று குழுவில் எனக்கு ஒரு மரியாதையே இருந்தது. அதெல்லாம் இங்கே வாங்கிய அடியில் வந்தது.

விடுதிச் சமையலறையில் நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர் வருவார்கள், எம்.எஸ். படிப்பவர்கள். நல்லவர்கள், எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தவர்கள். ஆனால் அவர்கள் பேச்சு கடன் வட்டி, வேலை நேரம், பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) பாயின்ட் என்றே சுற்றும். இரண்டு வருடமாக இருந்தும் ஒருத்தர்கூட உறைந்த ஆற்றங்கரைப் பக்கம் போனதில்லை. குறை சொல்லவில்லை, நேரம் ஏது? அந்த அடுப்பைச் சுற்றி நின்றவர்களில் ரிட்டர்ன் டிக்கெட் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்த நாட்டிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. அதனாலேயே எதையும் நின்று பார்க்க முடிந்தது. சீனியர்கள் சொல்வதுபோல் பின்னால் எம்.எஸ். போகலாம், தாராளமாக. அப்போது இந்த நிலையில் போக மாட்டீர்கள்.

பிப்ரவரி 23, சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் ஆண்கள் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். எட்மன்டனில் அதிகாலை ஐந்து மணி. விடுதி முழுக்கப் போர்வையைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஸ்வீடனை 3–0 என்று கனடா ஜெயித்தது. பந்து எங்கே போகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை (பந்தும் இல்லையாம், பக் என்கிற தட்டையான ரப்பர் வில்லை). ஆனால் பக்கத்தில் இருந்த சீனப் பெண் கத்தினாள், நானும் கத்தினேன்.

அடுத்த மாதம் பார்த்தது வேறு. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அரசுப் பணத்தில் தேவாலயங்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைத்து வைத்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக நடந்தது, சுமார் 1,50,000 குழந்தைகள். கடைசிப் பள்ளி மூடியது 1990களில்தான். இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் கடைசி தேசிய நிகழ்வு 2014 மார்ச் 27 முதல் 30 வரை எட்மன்டனில் நடந்தது. என் லேப் பார்ட்னர் கிரீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். "நாளைக்கு லேபுக்கு வர மாட்டேன், நீயும் வேண்டுமானால் வா" என்றாள். போனேன். வயதானவர்கள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து பேசினார்கள். தன் மொழியில் பேசியதற்கு அடி வாங்கியதைச் சொல்லிவிட்டு, இப்போது அந்த மொழியே தனக்கு மறந்துவிட்டது என்பதை ஆங்கிலத்தில் சொன்னார்கள். கண் துடைக்க டிஷ்யூ கொடுத்துக்கொண்டே வந்தார்கள். நனைந்த டிஷ்யூக்களைக் காகிதப் பையில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைக் குப்பையில் போட மாட்டார்கள், வெளியே எரிகிற புனித நெருப்பில் சேர்ப்பார்கள் என்று பிறகு அவள் சொன்னாள். நான் படித்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் தமிழில் பேசினால் ஒரு வார்த்தைக்கு ஒரு ரூபாய் ஃபைன். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன், அது கொடுமை, இது அசட்டுத்தனம். ஆனாலும் அந்த அரங்கில் அந்த ஒரு ரூபாய்தான் ஞாபகம் வந்தது.

ஆறு லட்சத்துக்கு இது போதுமா என்று உங்கள் அப்பா கேட்டால் என்னிடம் ரசீது கிடையாது.

சரி, காரியத்துக்கு வருவோம். அங்கே படித்த பாடங்களை இங்கே ஏற்றுக்கொள்கிற கிரெடிட் விஷயத்தில் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். என் துறைத்தலைவர் "போய்ட்டு வாம்மா, பார்த்துக்கலாம்" என்றார். திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர். சிலபஸ் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பாடத்தை ஏற்கவில்லை. ஏழாவது செமஸ்டரில் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பரீட்சையை எழுதினேன். அங்கே எடுக்கப்போகும் பாடத்தின் எண், அதற்கு ஈடாக இங்கே எந்தப் பாடம், கிரேடை மார்க்காக எப்படி மாற்றுவார்கள், எல்லாவற்றையும் கையெழுத்தும் சீலும் போட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். அங்கே ஒரு பாடம் நிரம்பிவிடலாம், மாற்றாக இரண்டுக்குக் கூடுதலாக அனுமதி வாங்கி வையுங்கள். மருத்துவக் காப்பீட்டில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். பிளேஸ்மென்ட்டா, எனக்கு ஒரு கம்பெனி தவறியது, அடுத்தது கிடைத்தது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

பனிக்காலணியைக் கோவையில் வாங்காதீர்கள். நான் தி.நகரில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிப் போனதன் அடிப்பாகம் இரண்டாம் வாரமே அப்பளம்போல் உடைந்தது. உள்ளே போட்டுக்கொள்ளும் தெர்மல் மட்டும் எடுத்துப் போங்கள், மற்றதை அங்கே பழையது விற்கும் கடைகளில் வாங்கலாம்.

அம்மாவிடம் பருப்புப்பொடி தாராளமாகக் கொடுத்தனுப்பலாம் என்று சொல்லுங்கள். நன்றாகக் கட்டி, மேலே இன்னது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இறங்கியதும் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்பார்கள், மறைக்காமல் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நெய் வேண்டாம், எட்மன்டனிலேயே மில் வுட்ஸ் பக்கம் இந்தியக் கடைகளில் கிடைக்கும். கூடவே நாலு தேற்றாங்கொட்டையும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், விதை என்றால் அவர்கள் கொஞ்சம் உற்றுப் பார்ப்பார்கள்.