மலை வீட்டுக்குக் கடனில் சோலார்: கேள்வி பதில்

நீலகிரியில் வீடு வீடாக வந்து கடனில் சோலார் விற்கும் ஏஜென்ட் சொல்வதெல்லாம் சரியா என்று, சோலார் வயரிங் வேலை செய்பவன் என்பதால் பலரும் என்னிடம் கேட்டிருந்தீர்கள். பதில்கள் கீழே.

"இலவச அரசுத் திட்டம், கையிலிருந்து பைசா வேண்டாம் என்கிறாரே ஏஜென்ட், அண்ணா?" (கோத்தகிரி)

இலவசம் இல்லைங்க. 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் என்ற மத்திய அரசின் வீட்டுக் கூரை சோலார் மானியத் திட்டத்தைச் சொல்கிறார். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். அதுவும் பேனல் மாட்டி, மீட்டர் மாற்றிய பிறகுதான் உங்கள் கணக்கில் ஏறும். மீதித் தொகை உங்கள் பெயரில் கடன்.

"கரண்ட் பில்லுக்குப் பதில் இஎம்ஐ கட்டினால் போதுமாம். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்தான் வரும்." (குன்னூர்)

முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். மிச்சத்துக்கு நீங்கள் கட்டுவது சில நூறு ரூபாய். கடனைப் பாருங்கள்: 2 லட்சம், 5 வருடம், "வெறும் 8 சதவீதம்". அது ஃபிளாட் வட்டி (அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி) என்றால் வட்டி மட்டும் 80,000, மாதம் 4,667 ரூபாய். குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் 14 சதவீதத்தைத் தொடும். சில நூறு எங்கே, நாலாயிரத்துச் சொச்சம் எங்கே! ஃபேனே போடாத ஊரில் இதை விற்கத் தனித் தைரியம் வேண்டும்.

"குளிரில் பேனல் அதிகம் தருமாமே சார்?" (உதகை)

பாதி உண்மை. சூடு ஏறினால் பேனலின் திறன் குறையும், அதனால் குளிர் நல்லதுதான். ஆனால் மின்சாரம் தருவது வெயில். மூடுபனியும் மழையும் மாதக்கணக்கில் நிற்கும் இடத்தில், சமவெளிக் கணக்கான "கிலோவாட்டுக்குத் தினம் 4 யூனிட்" எடுபடாது. போன வாரம் பார்த்த கூரையில் மூன்று மணிக்கே பக்கத்துச் சில்வர் ஓக் நிழல் பாதிப் பேனலை மூடிவிட்டது. கொட்டேஷனில் அந்த மரமே இல்லை.

"மரம் விழுந்து கரண்ட் போனால் சோலார் ஓடுமா?" (கூடலூர்)

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த சோலார்) என்றால் ஓடாது. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்.

"விண்ணப்பத்துக்கு என்று ஓடிபி வாங்கிப் போய்விட்டார் அண்ணா." (பந்தலூர்)

அது கடனுக்கான சம்மதமாக இருக்கலாம். இன்றே கடன் கொடுப்பவரிடம் நேராகப் பேசி, கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் (வட்டி, கட்டணம், தவணை எல்லாம் எழுதிய தாள்) கேளுங்கள். ஆப் வழிக் கடனை, அபராதம் இல்லாமல் விலக்கிக்கொள்ளச் சிறு அவகாசம் உண்டு. அது முடியும் தேதியையும் கேளுங்கள். கூரையில் பேனலுக்குக் கம்பி மாட்ட வந்தால், வேலையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.